மார்கழி விடுமுறையும் வீட்டுப் பிள்ளையும்

டிசம்பர் கடைசி வாரம் அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளிகள் மூடுகின்றன. புத்தாண்டு கழிந்து ஒன்றிரண்டு வாரம் பள்ளி நடந்ததும் போகி, பொங்கல், மாட்டுப் பொங்கல் என்று மறுபடியும் விடுமுறை. இந்த இரண்டு விடுமுறைக்கும் சென்னை, கோவை, திருப்பூர், பெங்களூரு என்று பிழைக்கப் போன குடும்பங்கள் பாளையம்பட்டிக்கும் அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிப் பக்கத்து ஊர்களுக்கும் சின்னப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகின்றன. வருவது நல்லதுதான், அதை யாரும் மறுக்கப் போவதில்லை. எத்தனை நாளைக்கு வருகிறார்கள், வந்த வீட்டில் அந்தப் பிள்ளை என்னவாக இருக்கிறது என்பதைப் பற்றித்தான் நான் பேச வந்திருக்கிறேன். என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குச் சொந்தபந்தத்தால் உண்டாகும் நன்மை, அது அந்த வீட்டு ஆளாக, வேலை நடக்கும் வீட்டில், சேர்ந்தாற்போல் ஒரு வாரம் பத்து நாள் இருந்தால்தான் கிடைக்கும். விருந்தாளியாக இரண்டு நாள் வந்து போனால் கிடைக்காது. அந்த ஒரு வாரத்துக்கு நம் கரிசல் பூமியில் ஏற்ற காலம் மார்கழி.

ஏன் மார்கழி என்று கேட்கலாம். பாட்டி வீடு என்றாலே மே மாதம் என்று நமக்குப் பழகிப்போயிற்று. ஆனால் இந்த மண்ணின் கணக்கைப் பாருங்கள். விருதுநகர் மாவட்டத்தில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சுமார் 800 மில்லிமீட்டர். அதில் ஏறக்குறைய பாதி ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய வடகிழக்குப் பருவத்தில் கொட்டிவிடும். மானாவாரி விதைப்பு முழுவதும் அந்த மழையை நம்பித்தான் நடக்கிறது. புரட்டாசி ஐப்பசியில் விதைத்த பாசிப்பயறும் உளுந்தும் மார்கழியில் நெற்றாகத் தொடங்கும். கம்பு கதிர் பிடித்திருக்கும், மக்காச்சோளம் முற்றிக்கொண்டிருக்கும், பருத்திச் செடி பூவும் காயுமாக நிற்கும், கொத்தமல்லிக் காட்டில் வாசம் எழும். மழை ஏமாற்றாத வருஷமானால் கண்மாயில் தண்ணீர் கிடக்கும். இதே ஊருக்கு மே மாதம் வந்து பாருங்கள். காடு கருகி, கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். பத்து மணிக்கு மேல் பிள்ளையை வெளியே விட முடியாது. ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து டிவி பார்க்கத்தான் வேண்டும் என்றால் அதற்கு ஐந்நூறு கிலோமீட்டர் பயணம் எதற்கு? மே மாதத்தில் நம் வீட்டுப் பெரியவர்களிடம் பிள்ளைக்குக் காட்டப் பெரிதாக ஒன்றும் இருக்காது. மார்கழியில் விடிந்தால் அடைந்தால் வேலை. மல்லிகைத் தோட்டத்தில் பனியால் வரத்து குறைந்து விலை ஏறியிருக்கும் காலம் அது. மொட்டு விரிவதற்குள் பறித்தாக வேண்டும் என்று விடியும் முன்னே எழுந்து ஓடுவார்கள். நெசவு வீட்டில் தறிச் சத்தம் கேட்கும், பாட்டி ராட்டையில் உட்கார்ந்து தார் சுற்றிக்கொண்டிருப்பாள். வாசலில் கோலமும் பூசணிப் பூவும் இருக்கும்.

ஒரே ஒரு வேலையைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். பனங்கிழங்கு. ஆவணி, புரட்டாசியில் உதிர்ந்த பனம்பழத்தின் கொட்டைகளை மணலும் மண்ணும் கலந்து மேடாகக் குவித்துப் புதைத்து வைப்பார்கள். மூன்று நான்கு மாதத்தில், அதாவது மார்கழி கடைசியில், கிழங்கு இறங்கிப் பிடுங்குவதற்குத் தயாராக இருக்கும். பிடுங்கியதைத் தோலுரித்து, மஞ்சளும் உப்பும் போட்டு அவித்துச் சுளகில் கொட்டுகிறார்கள். சூடு ஆறியதும் அப்பத்தா ஒரு கிழங்கை எடுத்து இரண்டாகப் பிளந்து, நடுவில் இருக்கும் குருத்தை உருவி, மேலே ஒட்டியிருக்கும் நாரை நுனியிலிருந்து அடி வரைக்கும் ஒரே இழுப்பில் இழுத்துப் போடுகிறாள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மூன்று வயதுப் பிள்ளையும் ஒரு துண்டை எடுத்து நாரை இழுக்கும். பாதியில் அறுந்துபோகும். மறுபடியும் இழுக்கும். யாரும் அதற்குப் பாடம் நடத்துவதில்லை, ‘வெரி குட்’ சொல்லிக் கைதட்டுவதில்லை. அரை மணி நேரத்தில் பிள்ளைக்குக் கை பழகிவிடுகிறது. இப்படிக் கற்பதைக் கல்வி ஆராய்ச்சியாளர்கள் அலட்சியப்படுத்தவில்லை. குவாத்தமாலாவின் சான் பெத்ரோ என்ற ஊரில் மாயா பழங்குடிப் பிள்ளைகளை நெடுங்காலம் கவனித்த பார்பரா ரோகாஃப், பெரியவர்களின் வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்துத் தானும் கைகொடுத்துக் கற்பது பள்ளிப் பாடத்துக்கு எந்த விதத்திலும் தாழ்ந்ததல்ல என்று காட்டினார். அப்படி வளரும் பிள்ளைகள் தங்களுக்கு நேராகச் சொல்லித் தராததையும் கூர்ந்து கவனிக்கிறார்கள் என்பது அவருடைய குழுவின் முடிவு.

இப்போது விருந்தாளியாக வரும் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். போகியன்று காலையில் பேருந்திலிருந்து இறங்குகிறது. இரவெல்லாம் தூக்கமில்லை. வாசலில் பத்துப் பேர் நிற்கிறார்கள், ஒவ்வொருவரும் கையை நீட்டி ‘வா, வா’ என்கிறார்கள். பிள்ளை அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்கிறது. ‘என்ன, யாரிடமும் வர மாட்டேங்குதே, நகரத்தில் வளர்ந்தது அப்படித்தான்’ என்கிறார்கள். வளர்ப்பில் குறை ஒன்றும் இல்லை. ஏழெட்டு மாதம் தொடங்கி இரண்டு மூன்று வயது வரை புது முகத்தைக் கண்டு மிரள்வது குழந்தையின் இயல்பு. ஒவ்வொரு முகமாகப் பழகித்தான் அந்த மிரட்சி விலகும். பழகுவதற்கு நாள் வேண்டும். முதல் நாள் அம்மாவை விட்டு இறங்காத பிள்ளை, இரண்டாம் நாள் திண்ணையில் இருக்கும் தாத்தாவை எட்ட நின்று பார்க்கும். மூன்றாம் நாள் அவருடைய மூக்குக் கண்ணாடியை எடுக்கத் துணியும். அந்த மூன்றாம் நாள்தான் நாம் பையைக் கட்டிக்கொண்டு கிளம்புகிறோம். பழக்கம் தொடங்கும் இடத்திலேயே பயணம் முடிந்துபோகிறது. அடுத்த வருஷம் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இடைப்பட்ட இரண்டு நாளும் புதுச் சட்டையைக் கசக்காமல், கொடுத்த தின்பண்டத்தைத் தின்று, அழுதால் யாராவது கொடுக்கும் செல்போனைப் பார்த்துக்கொண்டு, போட்டோவுக்கு நின்று கழிகிறது. தாத்தா பாட்டிக்கும் அதில் மனம் நிறைவதில்லை.

‘அத்தை, மாமா, சித்தி, பெரியப்பா எல்லாம் அன்புக்காகத்தானே, அவர்கள் இல்லாமல் பிள்ளை வளராதா’ என்று கேட்பவர்கள் உண்டு. வளரும். ஆனால் மனிதக் குழந்தை தாய் ஒருத்தியை மட்டும் நம்பி வளர்ந்ததாக வரலாறு இல்லை. தான்சானியாவில் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழும் ஹாட்சா மக்களிடையே கிறிஸ்டன் ஹாக்ஸும் அவருடைய கூட்டாளிகளும் ஆய்வு செய்தார்கள். தாய்க்கு அடுத்த குழந்தை பிறந்து அவள் வெளியே போக முடியாத காலத்தில், பாட்டி தோண்டிக் கொண்டுவரும் கிழங்கைப் பொறுத்தே மூத்த பிள்ளையின் எடை கூடுவதைக் கண்டார்கள். ரெபெக்கா சியரும் ரூத் மேஸும் பல நாடுகளின் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2008-ல் எழுதிய கட்டுரையில், பெரும்பாலான சமூகங்களில் தாயைத் தவிர உறவினர் ஒருவராவது துணை நின்றால் குழந்தை பிழைக்கும் வாய்ப்பு கூடுகிறது என்றார்கள். தாய்வழிப் பாட்டியின் பங்கு பல இடங்களில் தெளிவாகத் தெரிந்தது. இன்றைக்கு நம் பிள்ளைகளைக் காப்பாற்றத் தடுப்பூசியும் ஆரம்ப சுகாதார நிலையமும் இருக்கின்றன, உயிருக்காக உறவைத் தேட வேண்டிய நிலை நல்லவேளையாக இல்லை. ஆனால் பலருடைய கைகளில் வளர்வதற்கென்று அமைந்த குழந்தை மனம் அப்படியேதான் இருக்கிறது. பேச்சை எடுத்துக்கொள்ளுங்கள். நமீரா அக்தர் குழுவினர் 2001-ல் வெளியிட்ட ஆய்வில், இரண்டரை வயதுக் குழந்தைகள் தம்மிடம் நேராகச் சொல்லாத, இரண்டு பெரியவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்ட பேச்சிலிருந்தே புதுச் சொற்களைக் கற்றுக்கொண்டன. அடுக்குமாடி வீட்டில் அம்மாவும் அப்பாவும் மட்டும் இருக்கையில் ஒட்டுக்கேட்க எவ்வளவு பேச்சு இருக்கும்? இங்கே மழையைப் பற்றி, பயற்று விலையைப் பற்றி, மதினி பிறந்தகத்துச் சேதி பற்றி, வாயடைக்காமல் பேச்சு ஓடுகிறது.

இன்னொரு மாற்றத்தையும் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டில் 1971-ல் ஒரு பெண் சராசரியாக நான்கு குழந்தைகளைப் பெற்றாள். 2020-ம் ஆண்டின் மாதிரிப் பதிவு முறைக் கணக்கில் அது 1.4. இதைக் குறையாகச் சொல்லவில்லை. பெண்கள் படித்ததாலும் பிள்ளைகள் பிழைப்பதாலும் வந்த முன்னேற்றம் அது. ஆனால் அதன் விளைவு ஒன்று இருக்கிறது. அம்மாவும் ஒற்றைப் பிள்ளை, அப்பாவும் ஒற்றைப் பிள்ளை என்றால் அவர்களுக்குப் பிறக்கும் குழந்தைக்கு உடன்பிறந்த வழியில் மாமா இல்லை, அத்தை இல்லை, சித்தப்பா இல்லை, சித்தி இல்லை. அந்தக் குழந்தைக்கு இந்த உறவெல்லாம் கிடைக்க வேண்டுமானால் அம்மாவின் பெரியப்பா மகன், அப்பாவின் சித்தி மகள் என்று ஒரு படி தள்ளித்தான் தேட வேண்டும். அவர்கள் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் வந்து சேர்வது இந்த விடுமுறையில்தான். கிராமத்து வீட்டில் தாத்தாவும் பாட்டியும் இருக்கும் வரைதான் அந்தச் சேர்க்கையும் நடக்கும்.

இந்தப் பக்கத்தில் எல்லாரும் அறிந்த ஒரு வீட்டை நினைவுபடுத்துகிறேன். ரமண மகரிஷி 1879 டிசம்பர் 30-ல் திருச்சுழியில் பிறந்தவர். தந்தை சுந்தரம் ஐயர் 1892-ல் மறைந்தபோது வேங்கடராமன் என்ற அந்தப் பையனுக்கு வயது 12. குடும்பம் பிரிந்தது. அவனும் அண்ணனும் மதுரையில் சித்தப்பா சுப்பையர் வீட்டுக்குப் போனார்கள். தாய் அழகம்மாள் சின்னக் குழந்தைகளோடு மானாமதுரையில் நெல்லையப்பையர் வீட்டுக்குப் போனார். ஒரு சாவு வீட்டை உலுக்கியதும் இரண்டு வீடுகள் கதவைத் திறந்தன. பின்னால் அந்தப் பையன் எல்லாப் பந்தமும் விட்டு அருணாசலத்துக்குப் போனது வேறு கதை. அன்றைக்கு அவனை ஏந்திக்கொண்டது சித்தப்பா வீடு. இப்படிப்பட்ட வீடு நெருக்கடி வந்த பிறகு தேடிப் பிடிக்கும் வீடாக இருந்தால் பிள்ளைக்கு அது அகதி முகாம் மாதிரி ஆகிவிடும். கொரோனா காலத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகள் எத்தனை பேர் முன்பின் பழகாத உறவினர் வீடுகளுக்குப் போக நேர்ந்தது என்பதை நாம் மறக்கக் கூடாது. நல்ல நாளில் படுத்துத் தூங்கிப் பழகிய வீடுதான் கெட்ட நாளில் சொந்த வீடாகும்.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். முதலாவது எளியது: ‘இரண்டு வயதுப் பிள்ளைக்கு இதெல்லாம் ஞாபகம் இருக்கப் போவதில்லை, கொஞ்சம் வளரட்டும்.’ ஞாபகம் இருக்காது என்பது உண்மை. மூன்று வயதுக்கு முந்திய நிகழ்ச்சிகள் பெரும்பாலோருக்கு நினைவில் தங்குவதில்லை. நடக்கப் பழகிய நாளும் நமக்கு நினைவில்லை, ஆனால் நடக்கிறோம். தமிழ் பேசக் கற்ற நாளும் நினைவில்லை, பேசுகிறோம். பழக்கம் தங்குவதற்கு நினைவு தங்க வேண்டியதில்லை.

இரண்டாவது மறுப்பைப் பெண்கள் சொல்கிறார்கள். நியாயமாகத்தான் சொல்கிறார்கள். ‘உங்கள் பத்து நாளில் சமைப்பது யார்?’ மத்திய அரசின் 2024-ம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் ஒரு நாளைக்குச் சராசரியாக 289 நிமிடம் அதில் செலவிடுகிறாள். ஆண் செலவிடுவது 88 நிமிடம். இது சாதாரண நாள் கணக்கு. பதினைந்து பேர் கூடும் வீட்டில் இந்தப் பாரம் யார் தலையில் ஏறும் என்று சொல்ல வேண்டியதில்லை. மருமகள் விடுமுறை முழுவதும் அடுப்படியில் நின்றால் அவளுக்கு மாமியார் வீடு வெறுத்துப்போகும், அந்த வெறுப்பு பிள்ளைக்கும் தெரியும். இதற்கு என் பதில் இதுதான். விருந்தைக் கைவிடுங்கள். விருந்தாளிகள் வந்தால்தான் மூன்று வேளையும் வகைவகையாக வடித்துக் கொட்ட வேண்டும். வீட்டு ஆட்களுக்குக் கம்பங்கூழும் வெங்காயமும் போதும், ஒரு சோறு ஒரு குழம்பு போதும். காய் நறுக்குவது, பாத்திரம் கழுவுவது, பிள்ளையைக் குளிப்பாட்டுவது எல்லாம் ஆண்களுக்கும் உண்டு என்று வந்த அன்றே பேசி முடிவு செய்யுங்கள். அப்பா பாத்திரம் கழுவுவதைப் பார்க்கிற மூன்று வயதுப் பையனுக்கு அது பெரிய கல்வி. இதைச் செய்ய ஆண்கள் தயாரில்லை என்றால் என் வாதம் பாதி செத்துப்போகிறது. அதை ஒப்புக்கொள்கிறேன்.

மூன்றாவது மறுப்பு கனமானது. சொந்தபந்தம் கூடும் வீட்டில்தான் பிள்ளை சாதியையும் கற்கிறது. எந்தத் தெருப் பிள்ளைகளோடு விளையாடலாம், யார் வீட்டுத் தண்ணீரைக் குடிக்கலாம், யாரை வயதில் மூத்தவரானாலும் பேர் சொல்லிக் கூப்பிடலாம் என்பதெல்லாம் இதே திண்ணையில், இதே அன்பான வாய்களால் சொல்லித் தரப்படுகிறது. ஒட்டுக்கேட்டுக் கற்கும் திறமை நல்ல சொல்லுக்கு மட்டும் உரியதல்ல. காமராஜர் பிறந்த மாவட்டம் இது. பள்ளிப் பிள்ளைகள் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்ற மதிய உணவுத் திட்டம் அவருடைய ஆட்சியில் தமிழ்நாடெங்கும் பரவியது. அப்படியிருந்தும் 2023-ல் கரூர் மாவட்டத்துப் பள்ளி ஒன்றில், காலை உணவைப் பட்டியல் சாதிப் பெண் சமைத்தார் என்பதற்காகப் பெற்றோர் சிலர் பிள்ளைகளைச் சாப்பிட விடவில்லை. ஆகவே இந்த மறுப்பை நான் தட்டிக்கழிக்க முடியாது. நகரத்தில் வளர்த்தால் சாதி ஒட்டாது என்ற நம்பிக்கையை மட்டும் ஏற்க மாட்டேன். வாடகை வீடு கேட்கப் போகும்போதும், கல்யாண விளம்பரத்திலும், குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் அது இருக்கத்தான் செய்கிறது. பிள்ளையின் முன்னால் அதை மறுத்துப் பேசும் கடமை பெற்றோருக்கு உண்டு, அதுவும் பெரியவர்களின் முகத்துக்கு நேரே. தாத்தா ஒன்று சொல்ல, அப்பா ‘அப்படி இல்லை தாத்தா, அவர் எனக்கும் மாமாதான்’ என்று அடக்கமாக, ஆனால் உறுதியாகச் சொல்வதைக் கேட்கும் பிள்ளை இரண்டையும் கற்கிறது: பெரியவர்கள் தவறலாம் என்பதையும், அன்பு குறையாமல் அதை எதிர்க்கலாம் என்பதையும். தெருப் பிள்ளைகள் எல்லாரும் முற்றத்துக்கு வரட்டும், எல்லாருக்கும் ஒரே சுளகிலிருந்து கிழங்கு கொடுக்கட்டும். இதற்கு இடம் கொடாத வீடு என்றால் அந்த வீட்டுக்குப் பிள்ளையை அனுப்ப வேண்டாம். உறவு அறுந்தாலும் பரவாயில்லை என்பதே என் கருத்து.

பாதுகாப்பு பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டும். மார்கழியில் கண்மாயிலும் கிணற்றிலும் தண்ணீர் நிறைந்திருக்கும், ‘எல்லாரும் பார்த்துக்கொள்கிறார்கள்’ என்ற வீட்டில்தான் யாரும் பார்க்காமல் பிள்ளை நழுவிப் போகிறது. எந்த நேரத்தில் யார் பொறுப்பு என்று பேர் சொல்லி ஒப்படைக்க வேண்டும். போகிப் புகையில் கைக்குழந்தையை நிறுத்தக் கூடாது. சளி, காய்ச்சல் இருப்பவர்கள் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சக் கூடாது. இவற்றைவிடச் சொல்லக் கூசுவது ஒன்று உண்டு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குகளில், போக்சோ சட்டப்படி பதிவாகும் பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்ட பிள்ளைக்குத் தெரிந்தவர். உறவினரும் அதில் அடக்கம். ‘மாமாவுக்கு ஒரு முத்தம் கொடு’ என்று பிள்ளையை வற்புறுத்தும் வழக்கம் இன்றோடு நிற்க வேண்டும். வர மாட்டேன் என்று தலையை ஆட்டினால் அதோடு விட்டுவிட வேண்டும். அது மரியாதைக் குறைவு ஆகாது. பல கைகளில் வளர்வது நல்லது என்கிற நான், அந்தக் கைகளைப் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். சந்தேகம் வந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருக்கிறது.

செல்போனைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இரண்டு வயது வரை திரையே வேண்டாம், அதற்கு மேல் ஐந்து வயது வரை நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மிகக் கூடாது என்பது இந்தியக் குழந்தைகள் நல மருத்துவர் சங்கத்தின் அறிவுரை. இதை மீறுவது பெரும்பாலும் தாத்தா பாட்டிதான் என்று பெற்றோர் குறைப்படுகிறார்கள். பேரன் மடியில் தங்குவதற்கு அவர்களுக்கு அது ஒன்றே வழியாகத் தெரிகிறது, இரண்டு நாளில் வேறு வழி அவர்களுக்குக் கிடைப்பதில்லை. ராட்டையும் சுளகும் கன்றுக்குட்டியும் பிள்ளையை மடிக்கு இழுக்கும், அதற்குப் பத்து நாள் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

நமக்குத் தெற்கே திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் சிறுவீட்டுப் பொங்கல் என்று ஒன்று உண்டு. மார்கழி முழுவதும் வாசல் கோலத்தில் சாணப் பிள்ளையார் மீது பூசணிப் பூ வைத்த சிறுமிகளுக்காக, பொங்கலுக்குப் பிறகு முற்றத்தில் மண்ணால் சின்னதாக ஒரு வீடு கட்டிக் கொடுப்பார்கள். அந்த வீட்டில் அவர்களே கோலமிட்டு, அவர்களே பொங்கல் வைப்பார்கள். பெரியவர்கள் எடுபிடி. பிள்ளையை வீட்டின் ஆளாக மதிப்பது எப்படி என்று நம் முன்னோர் யோசித்து வைத்திருக்கிறார்கள். அருப்புக்கோட்டைப் பக்கம் இது இல்லாவிட்டால் இந்த வருஷம் தொடங்கலாம், பெண் பிள்ளைகளோடு ஆண் பிள்ளைகளையும் சேர்த்து.

கடைசியாக, ‘லீவு யார் கொடுக்கிறார்கள்’ என்ற கேள்வி. பனியன் கம்பெனியில் வேலை பார்ப்பவருக்குப் பொங்கலுக்கு மூடும்போதுதான் ஊர். மென்பொருள் நிறுவனத்தில் இருப்பவருக்கும் டிசம்பரில் பத்து நாள் கிடைப்பது அரிது. பெற்றோர் இருவரும் பத்து நாளும் இருந்தாக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அம்மா ஐந்து நாள், அப்பா ஐந்து நாள் என்று முறை வைத்துக்கொள்ளலாம். பிள்ளைக்கு நான்கு வயதாகி, முந்திய வருஷமே பழகிய வீடாகவும் இருந்தால், முதல் சில நாள் பெற்றோர் உடனிருந்துவிட்டுப் பொங்கலுக்குத் திரும்பி வரலாம். ஒன்றுக்கும் வழியில்லாதவர்கள் தாத்தா பாட்டியை டிசம்பரில் தங்களிடம் வரவழைத்து ஒரு வாரம் வைத்திருந்து, பொங்கலுக்குப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு சேர்ந்து வரலாம். பேருந்து இறங்கும்போது தெரிந்த கை இரண்டாவது உடன் இருக்கும். ரயிலில் வருபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சென்னையிலிருந்து அருப்புக்கோட்டை வழியாகப் போகும் சிலம்பு எக்ஸ்பிரஸில் விடுமுறைக் காலத்து இடம் சீக்கிரம் தீர்ந்துபோகும். முன்பதிவு 120 நாளுக்கு முன்னால் தொடங்கியது போய், 2024 நவம்பர் முதல் 60 நாள் என்று ஆகிவிட்டது. டிசம்பர் 24-ல் புறப்பட நினைக்கிறவர்கள் அக்டோபர் 25-ம் தேதி காலையில் டிக்கெட் எடுத்துவிட வேண்டும். திரும்பும் டிக்கெட்டை ஜனவரி 2-க்கு முந்திய தேதிக்கு எடுக்க வேண்டாம்.